தலைமையும் செவியும்

ஒரு கொல்லன் தன் பட்டறையில் இரண்டு உதவியாளரை வைத்துத் தொழில் செய்கிறான். உலையில் தீ தணிந்தால் அது அவன் கண்ணுக்கு உடனே தெரியும். சம்மட்டி பிசகி விழுந்தால் அதன் ஓசையே அவனுக்குச் சொல்லிவிடும். இரும்பு பதமாகக் காய்ந்திருக்கிறதா, பணியாள் களைத்திருக்கிறானா என்பவற்றை அறிய அவனுக்கு எவருடைய அறிக்கையும் வேண்டுவதில்லை. முதலாளியும் அவனே, மேற்பார்வையாளனும் அவனே, தொழிலாளியும் அவனே. ஆணை பிறக்கும் இடமும் அது நிறைவேறும் இடமும் ஒன்றாக இருப்பதால், உண்மை அவனைத் தேடி நெடுந்தூரம் நடக்க வேண்டியதில்லை.

இக்காலத்துப் பெருந்தாபனங்களின் நிலை வேறு. தலைமை அலுவலகம் ஒரு நகரில் இருக்கும். தொழிற்சாலை மற்றொரு நகரில் இருக்கும். பண்டங்களை வாங்குவோர் கடல் கடந்த நாடுகளில் இருப்பர். தலைவருக்கும் தொழிலாளிக்கும் இடையே ஐந்தாறு படிகளில் உத்தியோகத்தர் அமர்ந்திருப்பர். இத்தகைய அமைப்பில் ஆணை கீழே இறங்குவது எளிது. நீர் பள்ளத்தை நாடுவதுபோல அது தானாகவே இறங்கிவிடும். உண்மை கீழிருந்து மேலே ஏறுவதோ மிக அரிது. மலையேறுபவன் சுமையை ஒவ்வொரு வளைவிலும் சிறிது சிறிதாக இறக்கிவைப்பதுபோல, மேலே செல்லும் செய்தியும் ஒவ்வொரு படியிலும் தன் பாரத்தை இழந்துகொண்டே செல்கிறது.

இது நிகழும் முறையை ஊன்றிக் கவனித்தல் தகும். இயந்திரத்தின் அருகே நிற்பவன், “இது உடையப்போகிறது” என்கிறான். அவனுடைய மேற்பார்வையாளர் அதனைக் “கவலைக்குரிய குறை” என்று எழுதுகிறார். பகுதித் தலைவர் “ஆராயவேண்டிய குறை” என்று திருத்துகிறார். அடுத்த படியில் அது “ஆராயப்பட்டு வருகிறது” என்றாகிறது. ஈற்றில் தலைவரின் மேசையை அடையும் அறிக்கையில், “பணிகள் ஒழுங்காக நடைபெறுகின்றன” என்ற ஒரு வரியே எஞ்சுகிறது. இவர்களுள் எவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் ஒரு சொல்லை மென்மையாக்கினர், அவ்வளவே. ஆயினும் இயந்திரம் உடையத்தான் போகிறது.

முகாமைத்துவம் என்னும் துறையில் இன்று நூல்கள் பல உள. திட்டமிடல், ஒழுங்கமைத்தல், நெறிப்படுத்தல், கட்டுப்படுத்தல் என்று அவை வகுத்துக் கூறும். இவை யாவும் வேண்டியனவே. எனினும் தவறான செய்தியின்மேல் கட்டிய திட்டம் மணல்மேல் கட்டிய வீடேயாகும். தன்னை அஞ்சுவோரிடமிருந்தும் தன்னை மகிழ்விக்க விரும்புவோரிடமிருந்தும் உள்ளதை உள்ளவாறு அறிந்துகொள்வது எங்ஙனம்? இதுவே தற்காலத் தலைவரை எதிர்நோக்கும் முதற் பிரச்சினை எனலாம்.

படிகள் பல இருந்தால்தான் உண்மை மறையும் என்று எண்ணுதல் தவறு. மூவர் மட்டுமே இருக்கும் ஒரு சிறிய அறையிலும் அது மறையக்கூடும். 1977ஆம் ஆண்டு மார்ச் 27ஆந் திகதி கனேரித் தீவுகளுள் ஒன்றான தெனெரீபில் நிகழ்ந்த விபத்து இதற்குச் சான்று. அன்று விமான நிலையத்தை மூடுபனி சூழ்ந்திருந்தது. ஒல்லாந்து நாட்டுக் கே.எல்.எம். கம்பனியின் பெருவிமானம் ஒன்று ஓடுபாதையின் ஒரு முனையிற் புறப்பட ஆயத்தமாய் நின்றது. அதே பாதையில், பனித்திரைக்கு அப்பால், பான் அமெரிக்கன் விமானம் ஒன்று இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தது. ஒல்லாந்து விமானத்தின் தலைமை விமானி அக்கம்பனியிற் பிற விமானிகளுக்குப் பயிற்சி அளித்தவர், பெரிதும் மதிக்கப்பட்டவர்.

அவர் முதன்முறை விமானத்தைச் செலுத்த முற்பட்டபோது, இன்னும் அனுமதி கிடைக்கவில்லை என்று துணை விமானி நினைவூட்டினார். அவர் நிறுத்தினார். பின்னர், புறப்படுவதற்குரிய தெளிவான அனுமதி கிடையாமலே அவர் மீண்டும் விமானத்தைச் செலுத்தினார். இம்முறை துணை விமானி அவரைத் தடுக்கவில்லை. பின்னால் அமர்ந்திருந்த விமானப் பொறியியலாளர் மட்டும், அந்தப் பான் அமெரிக்கன் விமானம் பாதையை விட்டு நீங்கவில்லையோ என்று ஐயுற்று வினவினார். நீங்கிவிட்டது என்று தலைமை விமானி அழுத்தமாக விடையளித்தார். பொறியியலாளர் அதற்குமேற் பேசவில்லை. சில கணங்களில் இரு விமானங்களும் மோதின. 583 பேர் மாண்டனர். வானொலிச் செய்திகள் ஒன்றோடொன்று கலந்து தெளிவிழந்தமையும், மூடுபனியும், காலதாமதமும் இவ்விபத்துக்குக் காரணங்களாயின. ஆயினும் இக்காரணங்கள் அனைத்தையும் கடந்து, உண்மை ஒரு வினாவின் வடிவில் அந்த அறைக்குள் வந்தது. அங்கே அதற்கு இருக்கை கிடைக்கவில்லை.

விமானத் துறையினர் இதுபோன்ற விபத்துக்களைக் கூர்ந்து ஆராய்ந்தனர். இயந்திரக் கோளாற்றினால் வீழ்ந்த விமானங்களைக் காட்டிலும், விமானிகள் தம்முள் செய்தியைப் பகிர்ந்துகொள்ளாமையால் வீழ்ந்தவை அவர்களை வியக்கவைத்தன. 1979ஆம் ஆண்டில் அமெரிக்க விண்வெளித் தாபனமான நாசா இதுபற்றி ஒரு கருத்தரங்கைக் கூட்டியது. அதன் பயனாக, விமானிகளுக்குப் புதியதொரு பயிற்சி பிறந்தது. இளையவர் தம் ஐயத்தை அஞ்சாது எடுத்துரைக்கவும், மூத்தவர் அதனைச் சினவாது கேட்கவும் அப்பயிற்சி கற்பித்தது. 1981இல் யுனைற்றெட் விமானக் கம்பனி அதனை முதன்முதலாக நடைமுறைப்படுத்தியது. அதற்கு முன்னரே, 1976ஆம் ஆண்டு முதல், விமானிகள் தாம் கண்ட குறைகளை இரகசியமாக எழுதி அனுப்புவதற்கு உரிய ஓர் ஏற்பாட்டையும் நாசாவே நடத்தி வந்தது.

பிறருக்குக் கேட்கும் கலையைக் கற்பித்த அதே தாபனம், தன் வீட்டில் அதனை மறந்த கதை வேதனைக்குரியது. 1986ஆம் ஆண்டு சனவரி 27ஆந் திகதி இரவு. மறுநாட் காலையில் சலெஞ்சர் என்னும் விண்ணோடம் புளோரிடாவிலிருந்து புறப்பட இருந்தது. அதிற் செல்லவிருந்த எழுவருள் கிறிஸ்ரா மக்கோலிப் என்னும் பள்ளி ஆசிரியையும் ஒருவர். பயணம் ஏற்கெனவே பலமுறை ஒத்திவைக்கப்பட்டிருந்தது. அன்றிரவு புளோரிடாவில் வழக்கத்துக்கு மாறான கடுங்குளிர். நீர் உறையும் நிலைக்குக் கீழே வெப்பம் இறங்கியது.

விண்ணோடத்தை உந்திச் செல்லும் திண்ம எரிபொருள் உந்துகணைகளைச் செய்தளித்தது மோர்ட்டன் தயோக்கோல் என்னும் கம்பனி. அவ்வுந்துகணையின் பகுதிகளை இணைக்கும் மூட்டுக்களில் இறப்பர் வளையங்கள் இருந்தன. உள்ளே எரியும் வாயு வெளியேறாதவாறு அடைப்பது அவற்றின் வேலை. குளிரில் இறப்பர் விறைத்துவிடும். விறைத்த வளையம் இடைவெளியை உரிய கணத்தில் அடைக்காது. முன்னைய பயணங்களில் இவ்வளையங்கள் அரிக்கப்பட்டிருந்ததைக் கம்பனியின் பொறியியலாளர் கண்டிருந்தனர். அவர்களுள் ஒருவரான ரொஜர் போஜலே, இக்குறையைத் தீர்க்காவிடில் உயிரிழப்பு நேரும் என்று 1985ஆம் ஆண்டு யூலை மாதத்திலேயே தம் மேலதிகாரிகளுக்கு எழுதியிருந்தார்.

அன்றிரவு யூற்றா, அலபாமா, புளோரிடா ஆகிய மூன்றிடங்களையும் இணைத்து ஒரு தொலைபேசி ஆலோசனை நடைபெற்றது. வெப்பம் ஏறத்தாழ 12 பாகை செல்சியசுக்குக் குறைவாக இருந்தால் விண்ணோடத்தை ஏவலாகாது என்று தயோக்கோல் பொறியியலாளர் வற்புறுத்தினர். நாசாவின் உத்தியோகத்தர் சிலர் இதனைக் கேட்டு வெகுண்டனர். அப்படியானால் ஏப்ரல் மாதம் வரை காத்திருப்பதோ என்ற கருத்துப்பட வினவினர். கம்பனியார் தமக்குள் ஆலோசிக்க ஐந்து நிமிடம் கேட்டனர். அந்த ஆலோசனை அரை மணி நேரம் நீடித்தது. பொறியியலாளர் மீண்டும் எடுத்துரைத்தனர், படங்களைக் காட்டினர். ஈற்றில் நான்கு மேல் முகாமையாளர் மாத்திரம் கூடி முடிவெடுத்தனர். அந்நால்வருள் ஒருவர் பொறியியற் பகுதியின் தலைவர். பொறியியலாளராக எண்ணுவதை விடுத்து முகாமையாளராக எண்ணும்படி அவருக்குக் கூறப்பட்டது. அவரும் அவ்வாறே எண்ணினார். “ஏவலாம்” என்ற விடை புளோரிடாவுக்குச் சென்றது.

மறுநாள், வெப்பநிலை ஏறத்தாழ 2 பாகையாக இருக்கையில், சலெஞ்சர் புறப்பட்டது. 73 செக்கன்களில் அது வானிற் சிதறியது. எழுவரும் மாண்டனர்.

இந்நிகழ்ச்சியில் இரண்டு உண்மைகள் பொதிந்துள்ளன. முதலாவது, ஏவுவதற்கு இறுதி ஆணையிட்ட நாசாவின் மேல் உத்தியோகத்தருக்கு முந்திய இரவின் வாதம் தெரியவே தெரியாது. இரு படிகளுக்குக் கீழே கொதித்தெழுந்த எதிர்ப்பு, மேலே செல்லும்போது ஆவியாகி மறைந்தது. வில்லியம் ரொஜர்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு 1986 யூன் மாதத்தில் வெளியிட்ட அறிக்கையில், மூட்டின் குறையோடு, முடிவெடுக்கும் முறையின் குறையையும் விபத்துக்குக் காரணமாகக் கூறிற்று. இரண்டாவது, சான்று கூறவேண்டிய பொறுப்பு அன்றிரவு தலைகீழாயிற்று. விண்ணோடம் பாதுகாப்பானது என்பதை நிறுவவேண்டியது ஏவ விரும்புவோர் கடமை. அவ்விரவிலோ, அது ஆபத்தானது என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவும்படி எச்சரித்தவரிடம் கேட்கப்பட்டது. ஐயம் என்பது ஐயமாகவே இருக்கும். அதனை முற்றாக நிறுவும் சான்று பெரும்பாலும் விபத்தின் பின்னரே கிடைக்கும்.

விசாரணைக் குழுவில் இருந்த பௌதிகப் பேரறிஞர் ரிச்சர்ட் பைன்மன் மற்றொன்றையும் கண்டறிந்தார். விண்ணோடம் அழிவுறும் வாய்ப்பு எவ்வளவு என்று அவர் பலரையும் வினவினார். இயந்திரங்களோடு பழகிய பொறியியலாளர் 100 பயணத்துக்கு ஒன்று என்றனர். முகாமையாளரோ 100,000 பயணத்துக்கு ஒன்று என்றனர். ஒரே தாபனத்தில், ஒரே பொருளைப்பற்றி, ஆயிரம் மடங்கு வேறுபட்ட இரு நம்பிக்கைகள் அடுத்தடுத்த அறைகளில் வாழ்ந்து வந்தன. 2011ஆம் ஆண்டில் விண்ணோடத் திட்டம் முடிவுற்றபோது, நிகழ்ந்த பயணங்கள் 135. அழிந்த விண்ணோடங்கள் 2. எவருடைய கணக்கு உண்மைக்கு அணித்தாயிருந்தது என்று கூறவும் வேண்டுமோ?

அழிந்த அந்த இரண்டாவது விண்ணோடம் கொலம்பியா. 2003ஆம் ஆண்டு சனவரி 16ஆந் திகதி அது புறப்பட்ட சிறிது நேரத்தில், காப்புநுரைத் துண்டொன்று பெயர்ந்து அதன் இடச்சிறகைத் தாக்கியது. சேதத்தை அறிய, சுற்றுப்பாதையிலுள்ள விண்ணோடத்தைப் படம் பிடித்துத் தருமாறு பொறியியலாளர் வேண்டினர். அவ்வேண்டுகோள் மேலிடத்தில் நிறுத்தப்பட்டது. பெப்ரவரி 1ஆந் திகதி பூமிக்குத் திரும்புகையில் கொலம்பியா எரிந்து சிதறியது. மீண்டும் எழுவர் மாண்டனர். பொறியியலாளர் ஆபத்தை நிறுவவேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டதை இம்முறையும் விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது. 17 ஆண்டுகளில் உத்தியோகத்தர் பலர் மாறியிருந்தனர். தாபனத்தின் பழக்கம் மாறவில்லை. ஆதலின், குற்றவாளி ஒருவரைத் தேடி நீக்கிவிட்டால் நோய் தீர்ந்துவிடும் என்று எந்தத் தாபனமும் நம்பியிருத்தல் கூடாது.

உண்மையை மேலேற்றுவதற்கு வழி உண்டா? உண்டு என்பதற்கு ஒரு நெசவுத் தறி சான்று பகரும். யப்பான் தேசத்தில் சக்கிச்சி டொயோடா என்பவர் 1924ஆம் ஆண்டில் ஒரு தானியங்கித் தறியை நிறைவாக்கினார். நூல் அறுந்தால் அத்தறி தானாகவே நின்றுவிடும். ஓடும் தறி அறுந்த நூலோடு ஓடிக்கொண்டேயிருந்தால் முழத்துக்கு முழம் பழுதான துணியே விளையும் என்பதை நெசவறிந்தோர் அறிவர். நிற்பது நட்டம்போலத் தோன்றும். உண்மையில் நிற்காமையே நட்டம்.

அவருடைய மைந்தர் தொடக்கிய டொயோட்டா மோட்டர் கம்பனி, இக்கருத்தைத் தறியிலிருந்து மனிதருக்கு மாற்றியது. மோட்டர் வண்டிகள் வரிசையாக நகர்ந்து செல்லும் தொழிற்சாலையில், தொழிலாளியின் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கயிறு தொங்கியது. குறை ஒன்றைக் கண்டவன் அதனை இழுக்கலாம். உடனே விளக்கு எரியும். குழுத்தலைவர் விரைந்து வருவார். உரிய நேரத்துக்குள் குறை தீராவிடில் வரிசை முழுவதும் நின்றுவிடும். அந்த விளக்குக்கு, காகிதத்தாற் செய்த பழைய யப்பானிய விளக்கின் பெயராகிய அந்தோன் என்பதையே சூட்டினர். கயிறும் விளக்கும் மலிவான பொருள்கள். கயிற்றை இழுத்தவனை நோக்கி வரும் குழுத்தலைவரின் முதற்சொல்லே விலைமதிப்புள்ளது. அது “ஏன் நிறுத்தினாய்?” என்ற அதட்டலாயின், மறுநாள் அக்கயிற்றை எவனும் தொடான். “என்ன கண்டாய்?” என்ற வினவலாயின், அது நூறு பரிசோதகர் செய்யும் வேலையைச் செய்யும்.

கலிபோர்ணியாவிலுள்ள பிரீமொண்ட் நகரில் இது வெளிப்படையாகப் பரீட்சிக்கப்பட்டது. அங்கே ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி நடத்திய தொழிற்சாலை, ஓயாத பிணக்குகளாலும் தரக்குறைவாலும் பெயர்கெட்டு, 1982இல் மூடப்பட்டது. 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டர்சும் கூட்டாக அதனைத் திறந்தன. பணியாளருள் பெரும்பாலார் பழைய தொழிலாளரே, தொழிற்சங்கமும் பழையதே. மாறியது முகாமைத்துவ முறை மட்டுமே. முன்னர் வரிசையை நிறுத்துவது குற்றமாயிருந்தது. இப்பொழுது பழுதை மறைத்து அனுப்புவதே குற்றமாயிற்று. சிறிது காலத்தில் அத்தொழிற்சாலையின் வண்டிகள் தரத்தில் யப்பானில் செய்யப்பட்டவற்றோடு ஒப்பிடத்தக்கனவாயின. 2010 வரை அது இயங்கியது.

ஆயினும் ஒரு தொழிற்சாலையிற் கற்ற பாடம் தாபனம் முழுவதும் தானே பரவிவிடுவதில்லை. 2014ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டர்ஸ், இயந்திரத்தை இயக்கும் சாவிப்பொறியின் குறையினால் 26 இலட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. அக்குறை பல ஆண்டுகளாகவே கீழ்ப்படிகளில் அறியப்பட்டிருந்தது. கம்பனி நியமித்த விசாரணையாளரின் அறிக்கை, அங்கே வழங்கிய ஒரு வழக்கத்தை வெளிப்படுத்தியது: கூட்டத்தில் அமர்ந்தோர் யாவரும் ஒரு முடிவுக்குத் தலையசைப்பர், வெளியேறியபின் எவரும் அதனைச் செய்யார். கயிற்றைக் கண்டுபிடித்த டொயோட்டாவும் இந்நோய்க்குத் தப்பவில்லை. 2010 பெப்ரவரியில் அதன் தலைவர் அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவின்முன் தோன்றி, கம்பனி அளவுக்கு மீறிய வேகத்தில் வளர்ந்ததால் தன் முதன்மைகளை மறந்தது என்று ஒப்புக்கொண்டார். செவி என்பது ஒருமுறை திறந்தால் என்றும் திறந்திருக்கும் கதவு அன்று. நாள்தோறும் திறக்கவேண்டிய கதவு அது.

இங்கே ஒரு தடை எழுதல் கூடும். ஆயிரம் பேர் ஆயிரம் சொன்னால், தலைவர் எதனைக் கேட்பது? எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தால் காரியம் எப்பொழுது நடப்பது? இத்தடை நியாயமானதே. ஆனால் கேட்பது வேறு. முடிவைப் பிறரிடம் ஒப்படைப்பது வேறு. 1989ஆம் ஆண்டு யூலை 19ஆந் திகதி, 296 பேருடன் பறந்த யுனைற்றெட் விமானம் ஒன்றின் வால்ப்புற இயந்திரம் வெடித்தது. விமானத்தைத் திருப்ப உதவும் திரவ அமுக்கக் குழாய்கள் யாவும் அறுந்தன. அந்நிலைக்கு எந்தக் கைநூலிலும் வழி இல்லை. தலைமை விமானி அல் ஹேன்ஸ் தமக்கு எல்லாம் தெரியும் என்று நடிக்கவில்லை. துணைவர் ஒவ்வொருவரின் கருத்தையும் கேட்டார். பயணியாக வந்திருந்த ஒரு பயிற்சி விமானியையும் அழைத்து, இயந்திரங்களின் விசையைக் கூட்டியும் குறைத்தும் விமானத்தைத் திருப்பும் பணியை அவரிடம் கொடுத்தார். ஆயினும் தலைமை அவரிடமே இருந்தது. விமானம் தரையில் மோதிச் சிதைந்தபோதிலும் 184 பேர் உயிர் தப்பினர். அவ்வுயிர்கள் தப்பியமைக்கு, 1981 முதல் தம் கம்பனி அளித்த அந்தப் பயிற்சியே பெருங்காரணம் என்று அவர் பின்னர் பன்முறை கூறினார்.

ஆதலின், தலைவராயிருப்போர் கைக்கொள்ளத்தக்கன சில உள. கூட்டத்தில் தம் கருத்தை முதலிற் கூறாது இறுதியிற் கூறுதல் நன்று. தலைவர் வாய் திறந்தபின் பிறர் வாய் பெரும்பாலும் மூடிவிடும். “எல்லாம் சரிதானே?” என்று வினவுவதை விடுத்து, “எங்கே பிழைக்கக்கூடும்?” என்று வினவுதல் நன்று. முன்னைய வினாவுக்குத் தலையசைப்பே விடை; பின்னையதற்குச் சிந்தித்தே விடை கூறவேண்டும். தீய செய்தி கொணர்ந்தவனை முதன்முறை எவ்வாறு நடத்துகின்றனர் என்பதைத் தாபனம் முழுவதும் உற்றுநோக்கிக்கொண்டிருக்கும் என்பதை மறத்தலாகாது. மேலதிகாரியைத் தாண்டியும் எச்சரிக்கை செல்வதற்கு ஒரு வழி எழுத்தில் இருத்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அறிக்கைகளோடு அமையாது, வேலை நடைபெறும் இடத்துக்குத் தாமே சென்று கண்ணாற் காணுதல் வேண்டும்.

இவை புதியன போலத் தோன்றினும், தமிழர்க்குப் பழைய செய்தியே. அரசியலை வகுத்துரைத்த திருவள்ளுவர், பெரியாரைத் துணைக்கோடல் என்று ஓர் அதிகாரம் வகுத்து, அரசனுக்கு இடித்துரைக்கும் துணையின் இன்றியமையாமையை வற்புறுத்தினார். அக்காலத்தில் அரசவை ஒன்றுக்கு வேண்டியிருந்த அத்துணை, இன்று ஒவ்வொரு அலுவலகத்துக்கும், மருத்துவமனைக்கும், தொழிற்சாலைக்கும் வேண்டியிருக்கிறது. வேறுபாடு ஒன்றே. அன்று இடித்துரைத்தோர் அறிவும் வயதும் முதிர்ந்த சான்றோர். இன்றோ, ஆபத்தை முதலிற் காண்பவன் பெரும்பாலும் இளையவன், கீழ்ப்படியில் நிற்பவன், பதவியை இழக்க அஞ்சுபவன். அவன் மேலே ஏறி வந்து உண்மை கூறுவான் என்று காத்திருத்தல் தலைமையாகாது. அவனிடம் இறங்கிச் சென்று கேட்பதே தலைமை.